இருபத்து மூன்றாவது மேற்கோள்

இனி செத்தாலும், கட்டுரைக்கு ஆதாரம் காட்டும் மேற்கோள் பட்டியலுக்காக என் மனைவியிடம் போய் நிற்பதில்லை என்று போன மாதம் சபதம் செய்தேன். அந்தச் சபதம் ஒரு சனிக்கிழமை என் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

நான் தோல் டாக்டர். அவள் மருத்துவக் கல்லூரி நூலகர். எங்கள் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருடைய கட்டுரைகளுக்குக் கமா, புள்ளி, எண் எல்லாம் சரிபார்த்துக் கொடுப்பது அவள்தான். ஒருநாள் மாடிவீட்டுப் பல் டாக்டர் எதிரிலேயே, "இவர் கட்டுரையில இவரே எழுதினது இவர் பேரு மட்டும்தான்" என்றாள். பல் டாக்டர் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார். அன்றைக்குச் செய்ததுதான் சபதம்.

குதிகால் வெடிப்பைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைத் திருத்தி அனுப்ப மருத்துவப் பத்திரிகை ஒன்று கொடுத்த கெடு, இன்று மாலை ஐந்து மணி. இரண்டு முறை கெஞ்சி நீட்டித்த கெடு. ஐந்தைத் தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள். திங்கட்கிழமை துறைத் தலைவர் பதவிக்கு நேர்காணல். கட்டுரை போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லாமல் உள்ளே போனால், என்னைவிட எட்டு வயது சின்னவன் எனக்குத் தலைவன்.

காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். இந்தப் பத்திரிகைக்கு விதிகள் ஏராளம். ஒரு ஆய்வை எழுதியவர்கள் ஆறு பேருக்கு மேல் இருந்தால், முதல் ஆறு பேரைப் போட்டு, 'மற்றும் பலர்' என்று முடிக்க வேண்டும். அது சுலபம். கை வலி மிச்சம். முதல் தடவை அனுப்பும்போதே அப்படிப் போட்டுவிட்டேன். அடுத்த விதிதான் வில்லன். மேற்கோள்களுக்கு, கட்டுரையில் வருகிற வரிசையில் எண் போட வேண்டும். அவர்கள் கேட்டபடி முதல் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்தேன். அதில் மூன்று புது மேற்கோள். ஆகவே பழைய ஒன்று இனி நான்கு, பழைய இரண்டு ஐந்து. இப்படி நாற்பத்தோரு எண்ணையும் கையால் மாற்ற நான் என்ன முட்டாளா? 1 எங்கே இருந்தாலும் 4 ஆக்கு என்று கம்ப்யூட்டருக்கு ஒரே உத்தரவு போட்டேன்.

ஆக்கியது. 11 என்பது 44 ஆனது. 2011-இல் வெளிவந்த ஆய்வு 2044-இல் வெளிவந்திருந்தது. என் பதினாறு நோயாளிகள் நாற்பத்தாறு பேராகப் பெருகிவிட்டார்கள். பதறிப்போய் 4 எல்லாவற்றையும் 1 ஆக்கினேன். யோக்கியமாக இருந்த நான்குகளும் சேர்ந்து ஒன்றாகிப் போயின. அந்தப் பதற்றத்தில் அதைச் சேமித்து மூடியும் தொலைத்தேன்.

நல்லவேளை, பத்திரிகைக்கு முன்பு அனுப்பிய பழைய பிரதி மின்னஞ்சலில் இருந்தது. அதோடு புதுப் பத்தியையும் சேர்த்து மாடிக்கு அனுப்பிவிட்டு, பல் டாக்டரைக் கூப்பிட்டேன்.

"டாக்டர், இதை உங்க கட்டுரைன்னு சொல்லி என் வீட்டுக்காரிகிட்ட குடுங்க. மேற்கோளை வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்க."

"எதைப் பத்தின கட்டுரை?"

"குதிகால் வெடிப்பு."

"சார், நான் பல் டாக்டர்!"

"அவ உள்ள என்ன இருக்குன்னெல்லாம் படிக்க மாட்டா. கமாவைத்தான் பாப்பா."

பத்தே நிமிடம். சாப்பாட்டு மேஜையில் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். எதிரில் நான், உலகத்தில் ஒரு கவலையும் இல்லாதவன் போல.

"என்னங்க, மாடி டாக்டர் ஏதோ கட்டுரை அனுப்பியிருக்கார். அஞ்சு மணிக்குள்ள வேணுமாம்."

"பாவம், செஞ்சு குடேன்."

"உங்களுதும் இன்னிக்குத்தானே?"

"என்னுது எப்பவோ முடிஞ்சுது."

"பரவாயில்லையே!"

அந்தப் 'பரவாயில்லையே'வில் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

ஒன்றரை மணிக்கு அவள் மாடிக்குப் போன் போட்டாள். "டாக்டர் சார், இருபத்து மூணாவது மேற்கோள் இருக்கே, அதை நீங்க படிச்சிருக்கீங்களா? அதுல என்ன சொல்லியிருக்காங்க? சரி, பாத்துட்டுச் சொல்லுங்க."

அவள் வைத்ததும் என் சட்டைப்பையில் போன் நடுங்கியது. குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"சார், படிச்சேன்னு சொல்லிட்டேன். என்ன இருக்குன்னு கேக்கறாங்க. என்ன சார் இருக்கு?"

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? வேறு யாரோ எழுதிய கட்டுரையின் பட்டியலில் இருந்து அலுங்காமல் எடுத்துப் போட்டது அது. எங்கள் தொழிலில் பலரும் செய்கிற, யாரும் வெளியே சொல்லாத காரியம்.

"களிம்பு தடவினா வெடிப்பு குறையும்னு சொல்லுங்க" என்றேன் குத்துமதிப்பாக. கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

வெளியே வந்தபோது அவள் பேசி முடித்திருந்தாள்.

"ஏங்க, பல் டாக்டருக்குக் குதிகால்ல என்ன வேலை?"

"ஏதாவது ஆர்வமா இருக்கும்."

"கட்டுரைக்கு மேல உங்க பேர் இருக்கே. அதுவும் அவரோட ஆர்வமா?"

நான் எழுதிய ஒரே விஷயம். அதை அழிக்க மறந்திருந்தேன்.

கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்குச் சபதம் எதற்கு? "அம்மா தாயே, அஞ்சு மணிக்குள்ள போகலைன்னா என் பதவி போச்சு" என்றேன்.

"பட்டியல் தயார். ஆனா நீங்க இருபத்து மூணாவதை முழுசாப் படிச்சு, அதுல என்ன இருக்குன்னு சொன்னாத்தான் கட்டுரை போகும்." அச்சடித்து முன்னால் வைத்தாள். இருபத்தெட்டுப் பக்கம். எறும்பு சைஸ் எழுத்து. மணி ஒன்றே முக்கால்.

தலைப்பையும் பெயர்களையும் தாண்டி நேரே உள்ளே குதித்தேன். பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. மூன்று மணிக்குப் பதினோராம் பக்கம். நான்கு மணிக்குக் கண்ணில் தண்ணீர். பத்தொன்பது ஆய்வுகளைத் தேடிப் பிடித்து, சலித்து, எடை போட்டிருந்தார்கள். நாலே முக்காலுக்கு முடிவுரை வந்தது. அந்தக் களிம்பால் வெடிப்பு குறையவே குறையாது! நேர்காணலில் யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு வந்திருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும்.

"குறையாதாம்! நான் தலைகீழா எழுதித் தொலைச்சிருக்கேன். மாத்தி அனுப்பு, சீக்கிரம்! பத்து நிமிஷம்தான் இருக்கு!"

அவள் நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணிக்கே அனுப்பியாச்சு. அத்தாட்சி உங்க மின்னஞ்சல்ல இருக்கு, பாருங்க. உங்க பாஸ்வேர்டெல்லாம் நான்தானே ஞாபகம் வெச்சிருக்கேன்?"

உயிர் வந்தது. உடனே மறுபடி போனது. "ஐயோ, அந்தத் தப்போடயா?"

"குறையும்னு இருந்ததைக் குறையாதுன்னு மாத்திட்டுத்தான் அனுப்பினேன். எழுதினவங்களுக்குத் தெரியாதா என்ன?"

"எழுதினவன் நான். எனக்கே தெரியலையே!"

"உங்களை யார் சொன்னா? முதல் பக்கத்தைத் திருப்புங்க."

திருப்பினேன். ஆறு டாக்டர்கள். ஏழாவதாக, அந்தப் பத்தொன்பது ஆய்வுகளையும் தேடிப் பிடித்துச் சலித்த நூலகரின் பெயர். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அச்சான அதே பெயர். எனக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது.

"'மற்றும் பலர்'னு போட்டிருந்தீங்களே," என்றாள், என் சட்டையை மடித்தபடியே, "அது நான்தாங்க."