கழுவாத குழாய்

கல்பாக்கத்தில் ராமதாஸ் பார்த்த வேலை, குழாய்க்குள் கேமராவை விட்டு விரிசல், துரு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குள்ளேயே கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும் என்று செங்கல்பட்டு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை, காலை பதினோரு மணி.

ஒரு மாதமாக மலத்தில் ரத்தம். அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணன் இப்போது இல்லை. கேமரா எதைக் காட்டித் தொலைக்குமோ என்று ராமதாசுக்கு உள்ளுக்குள் உதறல். பார்க்காதவரைக்கும் ஒன்றும் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு திரிந்தார். மனைவி சந்திரம்மாதான் கையைப் பிடித்து இழுத்துப் போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது இது: முதல் நாள் முழுக்கக் கஞ்சித் தண்ணி. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளராகக் குடித்துத் தீர்க்க வேண்டும். குடல் சுத்தமாகிவிடும்.

அதைப் படித்ததும் ராமதாசுக்கு உயிர் வந்தது. கழுவாத குழாயை யார் சோதிப்பார்கள்? அவரே எத்தனை குழாயைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! மருந்தைக் குடிக்காமல் போய்ப் படுத்தால் டாக்டரும் அடுத்த மாசம் வா என்று அனுப்பிவிடுவார். இது வைகாசி. அடுத்தது ஆனி, அதற்கடுத்தது ஆடி. ஆடியில் எவனாவது நல்ல காரியம் பண்ணுவானா?

புதன்கிழமை லீவு போட்டார். நாலு மணிக்கு சந்திரம்மா ஒரு பெரிய பாட்டிலை மேஜைமேல் டொக்கென்று வைத்தாள்.

"இந்தா மருந்து. ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது."

"நான் இன்னா கொழந்தையா? குடிச்சிடுவேன்."

"ஃபிரிட்ஜுல இன்னொரு பாட்டில் கீது. எலுமிச்சம்பழ ஜூஸ். பக்கத்து வூட்டு வசுமதி பொண்ணுக்கு நாளைக்கு சீமந்தம். வர்றவங்களுக்குக் கலக்கி வச்சிகிறேன். அதுல கைய வச்ச, அப்புறம் பேஜாராயிடும்."

"சேச்சே, நான் ஏன் தொடறேன்?"

வசுமதி வீட்டில் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

ராமதாஸ் ஒரு டம்ளர் மருந்தை, மோந்துகூடப் பார்க்காமல், பால்கனித் தொட்டியிலிருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். கால் தானாக ஃபிரிட்ஜ் பக்கம் போயிற்று. கல்யாணமான நாளிலிருந்தே அவர் அப்படித்தான். அதிரசத்தைத் தட்டில் வைத்தால் ஒன்று தின்பார். நாத்தனார் வீட்டுக்கு என்று டப்பாவில் ஒளித்து வைத்தால் டப்பாவையே காலி பண்ணுவார். ஜூஸ் கொஞ்சம் உப்புக் கரித்தது. ஊராருக்குத்தானே என்று சர்க்கரையில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே மடமடவென்று குடித்தார்.

சந்திரம்மா எட்டிப் பார்த்தாள். "குடிச்சியா?"

"குடிச்சேன். குமட்டிகினு வருது."

"பல்லக் கடிச்சிகினு குடி."

மறுபடி போய்விட்டாள். கால் மணிக்கு ஒருதரம் வந்தாள், மேஜைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தாள், போனாள். அன்றைக்கென்று வசுமதி வீட்டில் அவளுக்கு அவ்வளவு வேலை. அவள் தலை மறைந்ததும் செடிக்கு ஒரு டம்ளர், இவருக்கு ஒரு டம்ளர். ஆறு மணிக்கெல்லாம் இரண்டு பாட்டிலும் காலி. ஜூஸ் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி வைத்தார்.

அதற்கு முன்பே வயிற்றில் இடி இடிக்க ஆரம்பித்திருந்தது. எட்டு மணிக்குள் பதினாலு தரம் ஓடினார். பயத்தில் வயிறு கலங்கும் என்று கேள்விப்பட்டதுண்டு. இந்த அளவுக்குக் கலங்கும் என்று அவருக்குத் தெரியாது. மறுநாள் வாடகைக் காரில் போகும்போதுகூடத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு தரம் நிறுத்தச் சொல்லி ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அடுத்த மாசம் வரட்டா சார்?" என்றார் ராமதாஸ், முந்திக்கொண்டு.

"எதுக்கு? முழுசாப் பாத்தாச்சு. வெறும் மூலம்தான், மாத்திரையில சரியாயிடும். வேற ஒண்ணுமே இல்ல. இவ்வளவு சுத்தமா வந்த ஆளை நான் பார்த்ததே இல்ல!"

ஒரு மாதமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியது. ராமதாஸ் அழுதுவிட்டார். சந்திரம்மாவும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவளும் ஒரு மாதமாகச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் ஆறு இட்லி உள்ளே போனதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சந்திரா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அந்த மருந்த நான் குடிக்கவே இல்ல. எல்லாம் கறிவேப்பிலைக்கு ஊத்திட்டேன்."

"தெரியும். அது வெறும் தண்ணிதான். செடிக்கு நல்லதுதான்."

இட்லி தொண்டையில் நின்றது. "அப்ப டாக்டர் குட்த்த மருந்து?"

"எலுமிச்சம்பழம் புழிஞ்சி ஃபிரிட்ஜுல வச்சனே, அது. கழுவாத கொழாய திருப்பி அனுப்சிட்டேன், திருப்பி அனுப்சிட்டேன்னு இருவது வருசமா சோத்துக்கு முன்னால உக்காந்துகினு பெருமை பேசுறியே, உன் புத்தி எங்க போவும்னு எனக்குத் தெரியாதா?"

ராமதாஸ் தண்ணீரைக் குடித்துச் சமாளித்தார். அவளை மடக்க ஒரே ஒரு பிடி மிச்சமிருந்தது. "சரி, வசுமதி பொண்ணு சீமந்தத்துக்கு ஜூஸ் குட்க்கறேன்னு சொன்னியே. பாவம், அவங்களுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

சந்திரம்மா தன் இலையிலிருந்த இட்லியை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

"எட்டு வருசமா பக்கத்து வூடு. வசுமதிக்கு ரெண்டும் ஆம்பளப் பசங்க."