கிளாவரைக்கு வந்த பச்சை விளக்கு

கிளாவரையில் மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் மாமனா மச்சானா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த ஊருக்கு எண்பதுகளில் தினம் ஒரு பஸ் வந்தது. வந்தது என்றால், வந்தால் வந்தது. பத்தாம் வகுப்பு ஜோசப்பினின் அப்பா உபகாரம், பீன்ஸ் மூட்டையோடு வெள்ளனே போய் ரோட்டில் நிற்பார். நின்று அலுத்து ஒரு வாய் காப்பிக்கு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த நேரம் பார்த்து பஸ் வந்து போயிருக்கும். மறுநாள் வாடிப்போன பீன்ஸைக் கொடைக்கானல் மண்டிக்காரர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

அப்போதுதான் மலைவழிப் போக்குவரத்து மேம்பாட்டு அலுவலகம், போக்குவரத்துச் சிக்கல்களை விஞ்ஞானத்தால் தீர்க்கும்படி மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. பஸ்ஸை ஒழுங்காக விடுவது ஒன்றைத் தவிர மற்ற எல்லா யோசனைகளும் அங்கே பெரியவர்களிடம் தீர்ந்துபோயிருந்தன.

ஜோசப்பின் யோசித்தாள். ஊருக்கு முந்திய வளைவில், ரோட்டின் குறுக்கே ஒரு பலகை. பலகைக்கு அடியில் சுவிட்ச். அங்கிருந்து ஊர்வரை கம்பி. பஸ் சக்கரம் ஏறினால் ஊரில் பச்சை விளக்கு எரியும். அதைப் பார்த்து மூட்டையைத் தூக்கினால் போதும், அப்பா நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம்.

போட்டியன்று பஸ் வரவில்லை. கண்டுபிடிப்பைத் தலையில் வைத்துக் குறுக்குப்பாதையில் கொடைக்கானலுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தாள். அலுவலகத் தலைவர் சுவாமிநாதன்தான் நடுவர்.

"விளக்கு எரிஞ்சா என்னம்மா அர்த்தம்?"

"பஸ் வருதுன்னு அர்த்தம் சார்."

"எரியலைன்னா?"

"வரலைன்னு அர்த்தம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ, இத்தனை நாளா பஸ் வராததுக்குக் காரணம் அங்க விளக்கு இல்லாததுதான்."

"இல்லைங்க சார், மொதல்ல பஸ் வரணும், அப்புறந்தான்..."

"முதல் பரிசு" என்றார் அவர்.

ஊரில் சிமெண்டுக் கம்பம் நட்டு, மாலை போட்டு, விளக்கைத் திறந்துவைத்தார்கள். விளக்குக் கண்காணிப்பாளராகச் செல்லப்பாண்டி நியமனமானார். பேட்டரி கொண்டுவரத் தனி ஜீப். சில நாளில் ஓர் ஆணை வந்தது: 'மேற்படி விளக்கு அணைந்து காணப்படுவது இவ்வலுவலகத்தின் நற்பெயருக்குக் குந்தகம் விளைவிப்பதால், எக்காலமும் எரிந்தவண்ணம் வைக்கப்பட வேண்டியது.' பலகையைப் பெயர்த்துவிட்டு விளக்கை நேராகப் பேட்டரியில் மாட்டினார்கள். அடுத்த ஆணை: 'கிளாவரைக்கு இடையறாது பஸ் வந்துகொண்டிருப்பது விளக்கின் மூலம் ஐயமற நிரூபணமாகிவிட்டபடியால், அங்குள்ள பஸ் பண்ணைக்காட்டுக்கு மாற்றப்படுகிறது.'

உபகாரம் மூட்டையோடு ஜீப்பை மறித்தார்.

"இது பேட்டரி ஜீப்புண்ணே, பீன்ஸ் ஏத்தக் கூடாது" என்றார் செல்லப்பாண்டி. "பஸ்ஸுதான் வந்துக்கிட்டே இருக்குல்ல, வெளக்கப் பாருங்க."

ஜோசப்பினுக்குப் பொறுக்கவில்லை. திருப்புளியோடு கம்பத்தில் ஏறினாள். கீழே அப்பா ஓடிவந்தார்.

"ஏ புள்ள, வெரசா எறங்கு. அதுல கைய வைக்காத."

"இதைக் கழட்டினாத்தான் பஸ்ஸு திரும்பி வரும்ப்பா. பீன்ஸு வாடுதுல்ல?"

"பீன்ஸு தலையில போகும். இத்தன மலையில நம்ம ஊருல மட்டுந்தான் இப்படி ஒரு வெளக்கு கெடக்கு. போனா வருமா?"

சுற்றி நின்ற ஊரும் அதையே சொன்னது. இறங்கினாள்.

பெரிய மூட்டை அப்பா தலையில், சின்னது அவள் தலையில். கொடைக்கானலில் அலுவலகத்து வாசலைக் கடக்கும்போது ஒரே கூட்டம். பண்ணைக்காட்டுக்காரர்கள் தங்கள் புது பஸ்ஸில் வந்திறங்கி, மறியல் செய்துகொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற நல்லுசாமி தொண்டை கட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்:

"கிளாவரைக்காரனுக்கு வெளக்கு, எங்களுக்கு வெறும் பஸ்ஸா?"

"நாங்க கிளாவரைதாங்க" என்றார் உபகாரம். "அதைக் கண்டுபிடிச்சது எம் மகதான்."

கூட்டம் மரியாதையாக விலகி வழிவிட்டது. மூட்டையோடு அப்பா அப்படி நிமிர்ந்து நடந்து ஜோசப்பின் பார்த்ததில்லை. அவளும் தலைமேல் இருந்ததை ஒருதரம் சரிசெய்துகொண்டு, அதேபோல் நிமிர்ந்து நடந்தாள்.