பனி ஒத்துக்கொள்ளும்வரை

மலைப்பனியில் குழி தோண்டுகிறவர்கள் இரண்டு வகை. முதல் குழியைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் ஒரு வகை; அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பனி தன் கருத்தை மாற்றிக்கொள்ளும்வரை தோண்டுகிறவர்கள் இன்னொரு வகை. எங்கள் டிரோல் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஒருவராவது உண்டு.

எங்களுக்கு வாய்த்தவர் மருந்துக்கடை கோர்பினியான். முதுகில் மண்வெட்டி, பையில் புகையிட்ட பன்றியிறைச்சி, முகத்தில் தீர்ப்பு சொல்லப்போகும் களை. பனிச்சரிவு அபாயம் ஐந்தில் மூன்று என்று காலையில் வானொலி சொன்னால், "மிச்சம் ரெண்டு நல்லாத்தானே இருக்கு" என்பார். கடையில் அவர் ஐயா. ஆயிரம் மீட்டருக்கு மேலே, எங்கள் வழக்கப்படி, எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரிவின் தலைமாட்டில் நான்கு பேர் நின்றோம்: கோர்பினியான், அஞ்சலகத்து ரெஸி, என் அண்ணன் செவரின், நான். குழி தோண்டி, பனியைத் தூண்போல் செதுக்கி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்துத் தட்ட வேண்டும். லேசான தட்டுக்கே தூண் சரிந்தால் பனிச்சறுக்குப் பலகையோடு இறங்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. இதில் வாதாட என்ன இருக்கிறது?

முதல் தூண் இரண்டாவது தட்டிலேயே சரிந்தது. உள்ளே சர்க்கரைபோல உதிரும் ஓர் அடுக்கு.

"இது நிழல் விழுற இடம். கணக்குல சேராது" என்றார் கோர்பினியான்.

இரண்டாவதும் சரிந்தது. பாறைக்குப் பக்கமாம். மூன்றாவது சரிந்தபோது ரெஸியை முறைத்தார்.

"நீ இருமிட்டே!"

"நான் இருமினதுக்கே விழுதுன்னா, நாலு பேரு மேல நின்னா என்னடா ஆகும்?"

"தட்டுறதுல ஒரு பக்குவம் வேணும் ரெஸி. உனக்குத் தெரியாது."

நான்காவது குழிக்கு வெயில் படும் ஒரு மேட்டைத் தேடிப் பிடித்து, தூங்கும் பூனையைத் தடவுவதுபோல் தட்டினார். தூண் நின்றது. தொப்பியைக் கழற்றி அதற்கு வணக்கமே வைத்தார்.

"பாத்தியா, சிமெண்டு!"

"சரிடா மருந்துக்காரா, நான் முன்னால போறேன்" என்றான் அண்ணன். "இல்லேன்னா நீ சாயங்காலம் வரைக்கும் தோண்டுவே. கீழ சூப்பு ஆறிடும்."

நான்கு வளைவு போனான். சரிவின் பனி மொத்தமும் அவனோடு போனது.

ஐந்தாவது குழியையும் கோர்பினியான்தான் தோண்டினார், கீழே, பனியில் புதைந்தவரைக் காட்டிக்கொடுக்கும் எங்கள் தேடுகருவி கூவிய இடத்தில். அத்தனை வேகமாக அவர் தோண்டி நான் பார்த்ததில்லை. அண்ணனின் முகம் தெரிந்தது. மூச்சு இல்லை. ரெஸி அவன் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தாள். கோர்பினியான் எழுந்தார்.

"இது கணக்குல சேராது" என்றார். இரண்டடி தள்ளிப் போய், மறுபடி தோண்ட ஆரம்பித்தார்.

அவரை நான் திட்டவில்லை. நீங்களும் அவசரப்படாதீர்கள். எடை பார்க்கும் இயந்திரம் காட்டிய எண் பிடிக்காமல், அதைக் குளியலறையின் வேறு மூலைக்கு நகர்த்தி மறுபடி ஏறி நின்றது யார்? ஒரு டாக்டர் சொன்னது கசந்ததென்று மூன்றாவது டாக்டரிடம் போய், அவர் சொன்னதை மட்டும் வீட்டில் சொன்னது யார்?

மண்வெட்டியைக் கீழே வைக்க வேண்டாம். இது உங்களுக்கு எத்தனையாவது குழி, அதை மட்டும் சொல்லுங்கள்.