பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டவள்

என் கால் தவறி யார்மேலாவது பட்டுவிட்டால், உடனே குனிந்து அவர்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். மரியாதை தெரிந்தவள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். உண்மையில் அது தும்மல் மாதிரி, வந்தால் வந்ததுதான். ஒருமுறை ரயிலில் பக்கத்து சீட்காரரின் லேப்டாப் பையில் என் செருப்பு பட்டுவிட்டது. தொட்டுக் கும்பிடக் குனிந்தேன். மனிதர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கே போய்விட்டார். (நானாக இருந்தாலும் போயிருப்பேன்.)

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நல்ல மனிதருக்கு நியூஜெர்சியில் மிச்சமிருந்த ஒரே ஆசையிலும் இந்தப் பழக்கம் மண்ணை அள்ளிப் போட்டது.

மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தவர் பீட்டர் அங்கிள். இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள் அங்கே எல்லோரும் வயிறு முட்ட பான்கேக் சாப்பிட்டுவிட்டு, ஊரே இரண்டாகப் பிரிந்து ஒரு பந்துக்காக முட்டி மோதிக்கொள்ளுமாம். பந்தை உதைக்கலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம், சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளலாம். "ஆளைக் கொல்லக்கூடாது. அவ்வளவுதான் ரூல்" என்பார். (அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். என் நினைவில் எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள்.)

அந்த விளையாட்டை அவரும் அவர் மனைவி மார்கரெட் ஆன்ட்டியும் எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். தெரு நடுவில் இருக்கும் குட்டைக்கு மேற்கே நாங்கள் ஒரு கட்சி, கிழக்கே இருப்பவர்கள் இன்னொரு கட்சி. மேற்குக் கோடியில் ஸ்டாப் சைன் கம்பம், கிழக்குக் கோடியில் தபால் பெட்டி. பந்தைத் தங்கள் கோடிக்குக் கொண்டுபோய் மூன்று தட்டு தட்டும் கட்சிக்கு வெற்றி. அடுத்த வருஷம் வரை பந்து அவர்களுக்கு.

பந்து தோல் பந்து. அதில் மஞ்சள் பூக்கள் வரைந்தது மார்கரெட் ஆன்ட்டி. ஆட்டத்தில் உதிர்ந்த பூக்களை வருஷா வருஷம் உட்கார்ந்து மறுபடி வரைவார். அவர் காலமான பிறகு வரைய ஆளில்லை. பந்தும் எங்கள் பக்கம் வரவில்லை. கிழக்குக் கட்சி ரிக்கின் கராஜில் கிடந்தது. கடைசியில் ஒரே ஒரு பூதான் மிச்சம்.

அப்போதுதான் பீட்டர் அங்கிள் வீட்டை விற்றுவிட்டு ஹூஸ்டனில் மகனோடு போய் இருப்பது என்று முடிவானது. ரிக் நல்ல மனிதர். பந்தைக் கொண்டுவந்து நீட்டினார். பீட்டர் அங்கிள் வாங்கவில்லை.

"ஜெயிக்காம எடுத்துட்டுப் போனா மார்கரெட் என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றார். மனைவியைப் பற்றி அவர் அப்படித்தான் பேசுவார். ஆக, அந்த வருஷ ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தே ஆகவேண்டும்.

அதுவரை நான் சமோசா டிபார்ட்மென்ட் மட்டும்தான். அன்றைக்கு என் கணவர் செந்திலுக்கு முழங்கால் மக்கர் பண்ணியதால், பனிக்கால ஜாக்கெட்டும் பூட்ஸுமாக நானே இறங்கினேன். பதின்மூன்று வயது மகள் நிலா கையைப் பிடித்து, "அம்மா, ப்ளீஸ் டோன்ட்" என்றாள். பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

பனி உருகித் தெருவோரமெல்லாம் சேறு. வெகுநேரம் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டே நின்றோம். திடீரென்று யார் காலுக்கிடையிலிருந்தோ பந்து நழுவி என்னிடம் வந்தது. பலாப்பழத்தைத் தூக்குவதுபோல் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"ஓடு கோமதி! நிக்காத, ஓடு!" செந்தில் தொண்டை கிழியக் கத்தினார்.

கம்பம் இதோ, எட்டினால் தொடலாம். எனக்காகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடிய பீட்டர் அங்கிள் சேற்றில் சறுக்கி விழுந்தார். அவரைத் தாண்டப் போனேன். என் பூட்ஸ் அவர் தலையில் பட்டுத் தொப்பி பறந்தது.

பெரியவர் தலையில் கால்! அவ்வளவுதான், தும்மல் வந்துவிட்டது. பந்தைப் பத்திரமாகக் கீழே வைத்தேன். குனிந்து, இரண்டு கையாலும் அவர் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கை நிறையச் சேறு, அதனால் கண் நிறையச் சேறு. துடைத்துப் பார்த்தபோது ரிக் பந்தோடு கிழக்கே தபால் பெட்டியை நெருங்கிக்கொண்டிருந்தார்.

பீட்டர் அங்கிள் படுத்தபடியே கேட்டார். "பந்து எங்கே?"

"கீழ வெச்சேன், அங்கிள்."

"ஏன்?"

"உங்க மேல கால் பட்டுடுச்சு."

 அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ரிக் மறுபடியும் பந்தை நீட்ட, அவர் மறுபடியும் மறுத்துவிட்டார். மறு மாதம் வெறுங்கையோடு டெக்ஸாஸ் போனார்.

"ஏம்புள்ள, பந்தைக் கீழ வெச்சுட்டா கும்புட்ட?" என்று செந்தில் தினம் கேட்டார். நிலா என் முகத்தையே பார்க்கவில்லை. தோசை ஊற்றும்போதெல்லாம் எனக்கு அவர் இல்லாத அந்த எதிர்வீடு கண்ணில் படும், அழுகை வரும். ஒரு கிழவரின் ஆசையைக் கெடுத்த பாவி என்றே என்னை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் என்னை மறுபடி சமோசாவுக்கே அனுப்பிவிட்டார்கள். ஆனால் நிலா, யாரும் கேட்காமலே, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். பந்து அவள் கைக்கு வந்தது. ஓடும்போது ரிக்கின் காலை நன்றாகவே மிதித்தாள். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. கம்பத்தில் மூன்று தட்டு தட்டினாள். பிறகு பந்தை அப்பா கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடி, நொண்டிக்கொண்டிருந்த ரிக்கின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரிக் பயந்து நாலடி பின்னால் போனார்.

பந்தை நானே பார்சல் கட்டி ஹூஸ்டனுக்கு அனுப்பினேன்.

எங்கள் வீட்டில் இன்றும் யார் கால் யார்மேல் பட்டாலும், எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நிலா அதை மட்டும் தமிழில் கேட்கிறாள்: "பந்து எங்க?" விருந்தாளிகள் விழிப்பார்கள். உடனே செந்தில் முதலிலிருந்து கதையை ஆரம்பித்துவிடுவார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன வாரம் பீட்டர் அங்கிள் போன் பண்ணினார்.

"காலையில காபி எடுக்கப் போனேன், கோமதி. தரையில இருந்த பந்துல கால் பட்டுடுச்சு. இத்தனை வருஷம் உதைச்ச பந்துதான். ஆனா குனிஞ்சு தொட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டேன். ஏன்னு தெரியல."

 சிரித்துவிட்டுச் சொன்னார்.

"நிமிர்ந்து பார்த்தேன். பந்து அங்கேயேதான் இருந்துச்சு."