ஐந்து கப்பி மீன்களை ஒப்படைத்துப் போனவளுக்கு

அன்புள்ள மனைவிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தொட்டியில் உள்ளவர்களும் நலம், தேவைக்கு மேலேயே நலம். அங்கு நீயும் மகளும் மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் பேரன் தும்முகிறான், நீ போய்விடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே தும்ம முடியாது.

மகளின் பிரசவத்துக்காக, நாற்பத்தைந்தே நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லி நீ கிளம்பியபோது என்னிடம் ஒப்படைத்தது மூன்று பெண், இரண்டு ஆண் என ஐந்து கப்பி மீன்கள், வம்புதும்புக்குப் போகாத நாலு நியான் மீன்கள். இது எட்டாவது மாதம். கப்பிகளின் முதல் பிரசவத்தில் இருபத்திரண்டு குஞ்சுகள். மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஓடி எல்லோரிடமும் சொன்னேன். மூன்றாவது பிரசவத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டு மீன்கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"செடி அடர்த்தியா இருக்கா சார்?"

"காடு மாதிரி இருக்குப்பா."

"அதான் விஷயம். குஞ்செல்லாம் அதுக்குள்ள ஒளிஞ்சு பொழச்சுக்குது. பாசியை வெட்டி விடுங்க, பெரிய மீனுங்களே பாதியைத் தின்னு தீர்த்துடும்."

கத்திரிக்கோலோடு உட்கார்ந்தேன். பாசியைத் தொட்டிக்குள் இருக்கும் மரக்கட்டையோடு சேர்த்து உன் நீல ரவிக்கை நூலால் நீயே சுற்றிக் கட்டியிருக்கிறாய், சுற்றுக்கு ஒரு முடிச்சாக. உன் கை முடிச்சு. கத்திரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சரி, ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்துவிடலாம் என்று இறங்கினேன். முப்பது வருஷம் தபால் பிரித்த கைக்கு இது ஒரு வேலையா? டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக அள்ளி, வால் பகட்டாக இருந்தவர்களை வாளிக்கும் வயிறு உப்பியவர்களைத் தொட்டிக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை. நாலு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் குஞ்சுகள்! கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒரு தடவை சேர்ந்தா போதும் சார். அதை உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டு, ஆறு மாசம்கூடப் போட்டுக்கிட்டே இருக்கும்."

"ஆம்பளை பக்கத்துலயே இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

பிரிந்து போனவன் நினைப்பிலேயே அது குடும்பம் நடத்துகிறது. எனக்கு ஒரு குக்கர்கூட ஒழுங்காக விசில் அடிக்க மாட்டேன் என்கிறது.

குஞ்சுகளைத் தின்னும் என்று ஓர் ஏஞ்சல் மீனை வாங்கி விட்டேன். அது முதல் குஞ்சை விழுங்கியதுமே தீனி டப்பாவைத் தேடி ஓடினேன். இனி அதற்குப் பசியே எடுக்கக் கூடாது என்று வேளைக்கு வேளை தீனி போட்டேன். இப்போது அது குஞ்சுகளோடு சொந்தச் சித்தப்பா மாதிரி சுற்றி வருகிறது. எதிர் வீட்டுக் கணக்கு டீச்சர் பாவம் பார்த்து ஆறு பெண் மீன்களை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் ஒரு பெரிய பாத்திரத்தோடு வாசலில் நின்றார். "சார், உங்க பொண்ணுங்களும் பேரப் பசங்களும். நீங்களே வச்சுக்கங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் நம் தெருமுனைப் பல் மருத்துவர்தான் கைகொடுத்தார். அவருடைய கிளினிக்கில் பெரிய தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. பெண்களையும் குஞ்சுகளையும் ஏஞ்சல் சித்தப்பாவையும் அங்கே கொண்டுபோய் விட்டேன். வீடு கப்சிப் என்று ஆகிவிட்டது. வாளியிலிருந்து தொட்டிக்கு வந்த ஆண் மீன்கள் கண்ணாடி ஓரமாக நின்று வாசலையே பார்க்கின்றன. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவர்களைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளினிக்குக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் வரவேற்பில் இருந்த பெண், "சார், உங்களுக்கு என்ன பண்ணுது?" என்றாள். மீன் பார்க்க வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றேன். பிடுங்கிவிட்டார்கள். ஆடாத, சொத்தை விழாத பல். அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு மீன்களைப் பார்த்தபடி இருந்தேன். அன்றைக்குத்தான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, எல்லாம் ஒழுங்காகிவிட்டது. நீ கவலைப்படாதே. பேரன் தவழும்வரை இரு, நடக்கும்வரை இருந்தாலும் சரி. எனக்கு ஒரு குறையும் இல்லை. மெதுவாகவே வா.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. பேரனுக்கு, தும்மி முடித்த பிறகு, ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கப் போனேன். ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். ரயிலில் ஒன்றரை நாள்தான். வீட்டுச் சாவியும் மீன் தீனியும் டீச்சரிடம் இருக்கின்றன. மணி அடித்தால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பதால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். மேலே எழுதிய எதையும் படித்துக்கொண்டிருக்காதே. கதவைத் திற.