கோபத்தை மடித்த மூன்றாவது ஆள்

மூன்றாவது ஆள் மட்டும் அகப்படவே இல்லை.

எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பழைய புத்தகங்களில் தேடிப்பிடிப்பதுதான் அந்த அகராதி அலுவலகத்தின் வேலை. மூன்று புத்தகங்களில் வந்தால்தான் ஒரு தொடருக்கு அகராதியில் இடம். 'கோபத்தை மடித்து' என்ற தொடருக்கு இரண்டு இருந்தன. 'கோபத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்' என்று ஒன்று. 'கோபத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் படுத்தார்' என்று இன்னொன்று. இரண்டையும் கொண்டுவந்தவர், அதே நாற்காலியில் இருந்து ஓய்வுபெற்ற மாமனார்.

இப்போது அந்த நாற்காலியில் மாப்பிள்ளை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதனால் குடித்தனம் மாமனார் வீட்டு மாடியில். கொஞ்சம் பலமாகத் தும்மினாலே கீழேயிருந்து, "என்ன மாப்பிள்ளை?" என்று குரல் வரும். அவருக்கு அந்த வீட்டில் தும்மவே பயம்.

"சாயங்காலத்துக்குள்ள மூணாவதைக் கொண்டாங்க, நிரந்தரம் பண்ணிடறேன்," என்றிருந்தார் தலைமைப் பதிப்பாசிரியர். "இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்."

அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன்.

"என்னங்க, வீடு பார்த்துட்டேன். சமையலறையில ரெண்டு ஜன்னல். சரின்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிடு," என்று வாய் முந்திக்கொண்டது.

போனை வைத்த பிறகுதான் சாயங்காலக் கெடு நினைவுக்கு வந்தது. வேறு வழி தெரியாமல் ஒரு சீட்டை எடுத்து எழுதினார்: 'கோபத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான்.' நூல்: 'கடிகாரக்காரன் மகள்.'

பதிப்பாசிரியர் சொக்கிப்போனார். "அபாரம்! புத்தகம் எங்கே?"

"கரையான் அரிச்சிடுச்சு சார்."

"முழுசாவா?"

"இந்த ஒரு வரியைத் தவிர."

"ஐயோ பாவம்! பேப்பர்ல விளம்பரம் கொடுத்து இன்னொரு பிரதி வாங்கி, நாமளே மறுபதிப்பு போட்டுடலாம்."

"வேண்டாம் சார். எழுதினவர் குடும்பம் கேஸ் போடும்."

"குடும்பம் இருக்கா? ரொம்ப நல்லதாப் போச்சு. கூப்பிட்டு ஒரு பாராட்டு விழா வெச்சிடுவோம்."

"யாருமே உயிரோட இல்ல சார்."

"அப்ப கேஸ் யாருய்யா போடுவா?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். கைவசம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

பதிப்பாசிரியர் போனை எடுத்தார். "உங்க மாமனார் பார்க்காத பழைய புத்தகம் கிடையாது. அவரே வந்து சொல்லட்டும்."

மாமனார் வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சீட்டைப் படித்தார். மாடிப்படி வந்த இடத்தில் நிறுத்தி, மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். வேலையும் போச்சு, மாடியும் போச்சு என்று நினைத்துக்கொண்டார் மாப்பிள்ளை.

"நல்ல புத்தகமாச்சே," என்றார் மாமனார். "படிச்சிருக்கேன். முடிவுதான் கொஞ்சம் சப்புன்னு இருக்கும்."

நிரந்தர ஆணையில் அப்போதே கையெழுத்து விழுந்தது.

வாசலுக்கு வந்ததும் மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. "மாமா, மன்னிச்சிடுங்க. அப்படி ஒரு புத்தகமே கிடையாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? நீங்க கஷ்டப்பட்டுத் தேடின ரெண்டு வரிக்குப் பக்கத்துல என் பொய்யும் அச்சாகப்போகுதே!"

மாமனார் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அந்த ரெண்டையும் நான் எழுதினப்போ, எனக்கும் குடித்தனம் என் மாமனார் வீட்டு மாடியிலதான், மாப்பிள்ளை."