ஐந்து தணிகைமலைகளும் ஒரு சர்க்கரையும்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை லேபில் இருந்தவர்கள்: நான், டெக்னீஷியன் விஜயா அக்கா, வெறும் வயிற்றோடு தணிகைமலை என்ற ஒரே பெயரில் நான்கு பேர். இல்லாதவர்கள்: கல்யாணத்துக்குத் திருப்பதி போயிருந்த டாக்டர், அப்புறம் ஐந்தாவது தணிகைமலை. இத்தனை பேரையும் பட்டினி போட்டவன் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். கல்லூரிக் கடைசி வருடம். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ஒரு மாத இன்டர்ன்ஷிப். புதிதாக வாங்கிய மெஷின் ரத்தத்தைச் சோதித்து எண்ணைச் சொல்லும். அதைக் கம்ப்யூட்டருக்குள் இழுத்து, பெயரோடு சேர்த்து, ரிப்போர்ட் அடிக்கவேண்டியது என் வேலை. (இப்போது இதற்கு டேட்டா இன்ஜினியரிங் என்று பெயர். அப்போது லேபில் ‘அந்த ஒயர் வேலை’ என்றார்கள்.) நைனாவோ, "எம் புள்ள மெஷினுக்கே பாடம் நடத்திகினு கீறான்" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிவந்தார்.

விஜயா அக்கா அதுவரை நோட்டில் வரிசை எண் போட்டு எழுதிவந்தார். "மனுஷனுக்கு எதுக்குக்கா நம்பர்? பேரும் வயசும் போதும்" என்று அந்த நோட்டை மூடவைத்தேன். பெயரும் வயதும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். அவருக்குப் புது ரிசல்ட் வந்தால் பழையதை அழித்துவிடு. புரோகிராமுக்கு நான் இட்ட கட்டளை இது. தெருவுக்கு ஒரு தணிகைமலை இருக்கிற ஊரில்!

ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை முகாம். ‘ஐம்பது வயது ஆனவர்களுக்கு இலவசம்’ என்று போர்டு வைத்திருந்தோம். விளைவு, அன்றைக்கு ஊரில் எல்லாருக்கும் வயது ஐம்பது. தணிகைமலைகள் ஐந்து பேர் வந்தார்கள். சாயங்காலம் ஐந்து பேருக்கும் ஒரே ரிப்போர்ட்: 92, நார்மல். கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கள் காலை விஜயா அக்கா மெஷினின் காகிதச் சுருளோடு வந்தார். "தம்பி, இதுல முன்னூத்தி நாப்பதுன்னு ஒண்ணு கீது. நீ அடிச்ச ரிப்போர்ட் எதுலயும் காணமே?"

சுருளில் எண்கள் மட்டும்தான், பெயர்கள் இல்லை. ரத்தத்தையும் முந்தின நாளே கொட்டியாகிவிட்டது. மற்றவர்களை ஒவ்வொருவராகக் கழித்துப் பார்த்தோம். ஐந்து தணிகைமலைகளில் ஒருவருக்கு 340. யாருக்கு என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"டாக்டர் வரட்டும்பா."

"அதுக்குள்ள அந்தாளு நார்மலுன்னு நெனச்சி லட்டு துன்னுகினு இருப்பாருக்கா. அஞ்சு பேரையும் நானே கூட்டியாறேன்."

முகாம் படிவங்களில் ஊர் இருந்தது. (கம்ப்யூட்டருக்கு ஊர் தேவையில்லை என்று முடிவு செய்த மேதையும் நானே.) நைனாவின் மொபெட்டில் கிளம்பினேன். திருவாலங்காட்டுத் தணிகைமலை கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே, "மறுபடி குத்துவியா?" என்றார். கனகம்மாசத்திரத்துக்காரர் குத்தி முடிந்ததும் காலை டிபன் வேண்டும் என்றார், ஒப்புக்கொண்டேன். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர், மற்றவர்களுக்கு டிபன் உண்டு என்றதும் தனக்கும் என்றார். நான்காவது ஆள் என் சொந்த அக்கா புருஷன்.

"பாவா, உங்களுக்கு நாப்பத்தி மூணுதானே?"

"ஃப்ரீன்னு எழுதியிருந்தீங்களேடா!"

அம்மையார்குப்பத்துத் தணிகைமலை வீட்டில் இல்லை. நாளைக் காலை வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை நான்கு பேருக்கும் நார்மல் என்று வந்தது. அப்படியானால் 340 அம்மையார்குப்பத்தில் இருக்கிறது. மொபெட்டைக் கிளப்பினேன்.

அவர் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் நான், "ஐயா, உங்களுக்குச் சர்க்கரை!" என்று கத்தினேன். அவர் சுவரைக் காட்டினார். முருகன் படத்துக்குப் பக்கத்தில், நான் அடித்த 92, பளபளவென்று லேமினேஷனில் தொங்கியது.

"கம்ப்யூட்டரே சொல்லிச்சு. நடுவுல நீ யாரு?"

"அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தாங்க."

"அப்போ அது முட்டாளா?"

"அது இல்லீங்க. நான்."

தறியை நிறுத்தினார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "ராவுல நாலு வாட்டி எழுந்து போறியே, அது நார்மலா? காலைலேர்ந்து டீ கூடக் குடுக்காம வெச்சிகினு கீறேன். ஏறுய்யா வண்டில!"

ஏறினார். வழி முழுக்க என் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தார், அவ்வளவு மரியாதையாக இல்லை.

லேபில் குத்திப் பார்த்ததில் 328. மதியம் திரும்பிய டாக்டர் முழுக் கதையையும் கேட்டு, அவருக்கு மாத்திரை எழுதினார். என்னைப் பார்த்து, "நம்பர் போடு" என்றார். இரண்டே வார்த்தை. புரோகிராமைத் திருத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்ட பிறகுதான் சர்டிபிகேட்டில் கையெழுத்து விழுந்தது.

அம்மையார்குப்பத்துத் தணிகைமலை புது ரிப்போர்ட்டை என்னிடமே நீட்டினார்.

"இதையும் லேமினேஷன் போட்டுக் குடு. போன தபா என் காசு. இந்த தபா ரெண்டுத்துக்கும் நீ."

இன்றைக்கும் பண்டிகையில் லட்டை எடுத்தால் பாவா என் முகத்தெதிரே தூக்கிப் பிடித்து, "இத நான் துன்னலாமா, இல்ல வேற தணிகைமலையா?" என்று கேட்காமல் வாயில் போடமாட்டார். வீடே சிரிக்கும். நைனா மட்டும் அதற்குப் பிறகு, அன்றைக்குத் தன் பையிலிருந்து போன தொகையைச் சொல்வார், ஒவ்வொரு முறையும் பைசா மாறாமல். பெட்ரோல், ஐந்து பேருக்கு டிபன், இரண்டு லேமினேஷன்: நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.